மகுடத்துத் தொங்கல்கள் வெறும் அலங்காரமா?

ஐரோப்பிய மத்திய காலத்து அரசர்களின் மணிமுடிகளைப் பற்றி எழுதுவோரும், அவற்றின் படங்களைக் கண்டு வியப்போரும், சரித்திர நாடகங்களுக்கு வேஷப் பொருள்களை அமைப்போரும் ஏறத்தாழ ஒருமித்துக் கொண்டிருக்கும் அபிப்பிராயம் ஒன்று உண்டு. முடியின் வட்டமும், அதில் பதித்த சித்திரத் தகடுகளும், அதன் உச்சியில் நிற்கும் சிலுவையுமே அரசாதிகாரத்தின் சின்னங்கள் என்றும், முடியின் விளிம்பிலிருந்து காதோரமாகவும் கன்னத்தோரமாகவும் பிடரியிலும் சங்கிலியில் தொங்கும் முத்துச் சரங்களும் மணிக் கொத்துகளும் கீழ்த்திசையாரின் ஆடம்பர மோகத்தால் வந்து ஒட்டிக்கொண்ட அலங்காரமே என்றும், அவற்றைக் கழற்றி வைத்தாலும் முடியின் பொருளில் யாதொரு குறைவும் நேராது என்றும் அவர்கள் கருதுகிறார்கள். இந்த அபிப்பிராயம் முழுவதும் பிழையானது என்பது என் துணிபு. பிழை என்பதோடு, அது தீங்கும் விளைப்பது. ஏனெனில், முடியின் உறுப்புகளுள் அதை அணிந்தவன் யார், எவரோடு ஒப்புமை கோரினான், அந்த முடி மனிதன் தலைக்கென்று பிறந்ததா அல்லது தெய்வத்தின் சந்நிதிக்கென்று பிறந்ததா என்ற கேள்விகளுக்கு மிகத் தெளிவாக விடை பகரும் உறுப்பு தொங்கலணியே ஆகும்போது, அதனைப் புறக்கணிப்பவர்கள் சரித்திரத்தின் சாட்சியொன்றை வாய் திறக்கவொட்டாமல் தடுத்துவிடுகிறார்கள்.

இந்தக் கருத்து நம்மிடையே வேரூன்றிய காரணத்தைத் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஆங்கில ஆட்சிக் காலத்து ரூபாய் நாணயத்தில் அரசரின் தலைமேல் நாம் கண்டு பழகிய முடியில், தொங்கல் என்பது மருந்துக்கும் கிடையாது. ஐரோப்பிய சரித்திரத்தையும் பெரும்பாலும் ஆங்கில நூல்களின் வழியாகவே பயின்ற நாம், இங்கிலாந்தின் முடியையும் பிரான்ஸ் தேசத்தின் முடியையும் எல்லா முடிகளுக்கும் இலக்கணமாக வைத்துக்கொண்டு, அந்த இலக்கணத்துக்கு அடங்காத முத்துச் சரத்தைக் கண்டபோது அதை மிகை என்று தள்ளிவிட்டோம். மத்திய காலத்தின் முற்பகுதியிலோ, கிறிஸ்தவ அரசர்கள் பலரும் அண்ணாந்து பார்த்த முடி லண்டனிலும் இல்லை, பாரிஸிலும் இல்லை. அது கான்ஸ்டாண்டிநோபிள் நகரத்தில், ரோமாபுரியின் நேர் வாரிசு தாமே என்று உரிமை கொண்டாடிய பைசாந்தியச் சக்கரவர்த்திகளின் தலையில் இருந்தது. அந்த முடிக்கோ தொங்கல்கள் உயிர்நிலை.

இத்தாலியில் ராவென்னா நகரத்து சான் விட்டாலே ஆலயத்தின் சுவரில், சுமார் 547ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்ற வண்ணக்கல் சித்திரங்களில், ஜஸ்டினியன் சக்கரவர்த்தியும் அவனுடைய தேவி தியோடோராவும் எதிரெதிராக நிற்கிறார்கள். தேவியின் முடியிலிருந்து முத்துச் சரங்கள் கழுத்தைக் கடந்து மார்பு வரை இறங்குகின்றன. சக்கரவர்த்தியின் முடியிலோ அவை குறுகிக் காதோரத்தில் நின்றுவிடுகின்றன. தொங்கல் என்பது பெண்களின் ஆபரணத்திலிருந்து ஆடவர் முடிக்குத் தாவிய பழக்கம் என்று கூறுவோர், தியோடோராவின் நீண்ட சரங்களைத் தம் கட்சிக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. அவர்கள் எதிர்ச்சுவரையும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். இருவருக்கும் ஒரே சின்னம் உரியது. அவரவர் நிலைக்கேற்ப அதன் அளவு மட்டும் வேறுபட்டது. அலங்காரத்தில் மனம் போனபடி கூட்டவும் குறைக்கவும் இடமுண்டு. இவ்வாறு அளந்து வைப்பது ஆசாரத்தின் இயல்பு.

இன்னும் ஐயமுள்ளவர்களுக்கு வெனிஸ் நகரத்து மார்சியானா நூலகத்தில் இருக்கும் சங்கீத நூற்சுவடியின் சித்திரத்தைக் காட்டலாம். 976 முதல் 1025 வரை ஆண்ட இரண்டாம் பாஸில், பைசாந்தியச் சக்கரவர்த்திகளுள் போர்க்களத்திலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன். அரண்மனைச் சுகத்தையும் பகட்டையும் விரும்பாதவன் என்று அவனுடைய சரித்திரத்தை எழுதியவர்களால் குறிக்கப்பட்டவன். பல்கேரியரை முறியடித்ததால் பெயர்பெற்றவன். அந்தச் சித்திரத்தில் அவன் கவசம் பூண்டு, ஈட்டியும் வாளும் தாங்கி நிற்க, அவன் காலடியில் மனிதர் சிலர் விழுந்து கிடக்கிறார்கள். இத்தகைய போர்வீரக் கோலத்திலும் அவனுடைய முடியின் இருபுறமும் முத்துச் சரங்கள் தொங்குகின்றன. ஆடம்பரத்தை வெறுத்த ஒருவன், போர்க்கோலத்தில் தன்னைத் தீட்டச் செய்த சித்திரத்திலும் நீக்க விரும்பாத ஒன்றை ஆடம்பரம் என்று எவ்வாறு சொல்வது? சக்கரவர்த்தியின் முடி இது என்று காண்போர் அறிய வேண்டுமானால் அந்தச் சரங்கள் அங்கே இருந்தே தீரவேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு சமாதானம் எனக்குத் தோன்றவில்லை.

தொங்கல்களின் பிறப்பை ஆராய்ந்தாலும் இதே முடிவுதான் கிடைக்கிறது. பண்டைக் கிரேக்க அரசர்களின் அதிகாரச் சின்னம் உலோகத்தாலான முடியன்று. நெற்றியைச் சுற்றிப் பின்புறம் முடிந்து, இரு முனைகளையும் பிடரியில் தொங்கவிட்ட துணிப்பட்டமே அது. பின்னர் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தியின் காலத்தில் ரோமானிய அரசும் அந்தப் பட்டத்தை மணிகள் இழைத்து மேற்கொண்டது; அக்காலத்து நாணயங்களில் அரசனுடைய கழுத்தின் பின்னே தொங்கும் பட்டத்தின் முனைகளை இன்றும் தெளிவாகக் காணலாம். ஆகவே, தலையிலிருந்து தொங்கும் ஒன்றினால் அரசனை அடையாளம் காணும் வழக்கம், உலோக வட்டம் தோன்றுவதற்கு எவ்வளவோ முற்பட்டது. வட்டம் முதலில் பிறந்தது, தொங்கல் பின்னர் ஒட்டிக்கொண்டது என்று எண்ணுவோர் மரபின் வரிசையையே தலைகீழாக வைக்கிறார்கள்.

இந்த இடத்தில் என் சொந்த ஊகம் ஒன்றையும் கூற விரும்புகிறேன். 357ஆம் ஆண்டில் கான்ஸ்டான்டியஸ் சக்கரவர்த்தி ரோமாபுரிக்குள் பவனி வந்தபோது, தலையை இப்புறமோ அப்புறமோ திருப்பாமல், சிலைபோல் அசைவற்று ரதத்தில் இருந்தான் என்று அம்மியானுஸ் என்ற சரித்திராசிரியர் எழுதியிருக்கிறார். அரசன் மனிதர்க்குரிய பதற்றங்களைக் கடந்தவன் என்று காட்டுவதற்கு அசைவின்மையே சாதனமாகக் கொள்ளப்பட்ட சபையில், கன்னத்தருகே தொங்கும் முத்துச் சரம் மிகக் கண்டிப்பான காவலாளாகவும் இருந்திருக்கும். தலை சிறிது திரும்பினாலும் அது ஆடி அரசனைக் காட்டிக் கொடுத்துவிடும். சரம் ஆடாத முகம் ஆளும் முகம். இது ஊகமே, ஆனால், அந்தச் சபையின் ஆசாரங்களைப் படித்தவர்கள் இதனைப் பொருந்தாத ஊகம் என்று தள்ளமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இனி, அரசியலுக்கு வருவோம். பத்தாம் நூற்றாண்டின் நடுவில் ஏழாம் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி தன் மகன் ரோமானஸுக்கு ராஜ்ய பரிபாலனம் பற்றி எழுதிவைத்த அறிவுரை நூலில் ஒரு பகுதி, அயல் இனத்தார் சக்கரவர்த்தியின் முடிகளையும் உடைகளையும் கேட்டால் என்ன மறுமொழி சொல்ல வேண்டும் என்பதைப் பற்றியது. கஸாரியரோ துருக்கியரோ ருஷ்யரோ அவ்வாறு கேட்டால், இவை மனிதர் செய்தவையல்ல, மகா கான்ஸ்டன்டைனுக்குத் தேவதூதன் மூலம் கடவுள் அனுப்பியவை, திருச்சபையின் பலிபீடத்தின்மேல் இருப்பவை, பிறருக்குக் கொடுப்பவன் சாபத்துக்கு ஆளாவான் என்று கூறி மறுத்துவிட வேண்டும் என்பது தந்தையின் கட்டளை. அங்கே துருக்கியர் என்று குறிக்கப்பட்டவர்கள் ஹங்கேரியராகிய மகியார்களே. முடிகளின் பேரால் ஓர் அரசு இவ்வளவு கட்டுக்காவல் செய்ததென்றால், அந்த முடியின் வடிவமும் அதன் உறுப்புகளும் கண்டவர் கண்டபடி அணிந்துகொள்ளும் அழகுப் பொருள்களாக இருந்திருக்க முடியாது.

இந்தக் கட்டளை பிறந்து ஒன்றேகால் நூற்றாண்டு கழிவதற்குள், கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து அதே ஹங்கேரிக்கு ஒரு முடி சென்றது என்பதுதான் இந்த விவாதத்தின் மையமான சங்கதி. புதாபெஸ்ட் நகரத்துப் பாராளுமன்ற மாளிகையில் இன்று காக்கப்படும் ஹங்கேரியின் திருமுடியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அதன் கீழ்ப்பகுதி கிரேக்க முடி எனவும், மேலே குறுக்கிட்டுச் செல்லும் பட்டைகள் லத்தீன் முடி எனவும் வழங்கும். கீழ் வட்டத்தின் முன்புறத்தில் சிம்மாசனத்தில் அமர்ந்த கிறிஸ்துவின் எனாமல் தகடு. அதற்கு நேர் பின்புறத்தில் ஏழாம் மைக்கேல் டூக்காஸ் சக்கரவர்த்தியின் உருவம். அவனுக்குக் கீழே ஒருபுறம் கான்ஸ்டன்டைன் என்ற இளவரசன், மறுபுறம் துருக்கி நாட்டின் விசுவாசமுள்ள அரசன் என்று கிரேக்க எழுத்தால் குறிக்கப்பட்ட ஹங்கேரிய மன்னன் முதலாம் கேஸா. சக்கரவர்த்திக்கும் அந்த இளவரசனுக்கும் தலையைச் சுற்றி ஒளிவட்டம் உண்டு, கேஸாவுக்கு இல்லை. மைக்கேல் ஆண்டது 1071 முதல் 1078 வரை. கேஸா ஆண்டது 1074 முதல் 1077 வரை. ஆகையால் இந்த வட்டம் பிறந்த காலத்தை இந்தத் தகடுகளே எல்லை கட்டிச் சொல்லிவிடுகின்றன. 1000ஆம் ஆண்டை ஒட்டி இரண்டாம் சில்வெஸ்டர் என்ற போப்பாண்டவர் புனித ஸ்டீபன் மன்னனுக்கு அனுப்பிய முடியே இது என்ற ஹங்கேரியரின் நெடுங்கால நம்பிக்கை, பக்திக்குரியதாயினும், இந்தக் கிரேக்க வட்டத்துக்குப் பொருந்தாது.

அந்த வட்டத்தின் விளிம்பிலிருந்து ஒன்பது சிறு சங்கிலிகள் தொங்குகின்றன. காதுக்கு நேரே இருபுறமும் நான்கு நான்காக எட்டு, பின்புறத்தில் நடுவே ஒன்று. ஒவ்வொன்றின் முனையிலும் மூவிதழாக அமைந்த சிறு மணிக் கொத்து. அழகுக்காகத் தொங்கவிடுபவன் வட்டம் முழுவதும் சீராகத் தொங்கவிட்டிருப்பான். அல்லது காண்போர் கண்ணில் முதலில் படும் முன்புறத்திலே நிறைத்திருப்பான். இங்கே முன்புறம் முற்றிலும் வெறுமையாக இருக்கிறது. தொங்கல்கள் கன்னத்துக்கும் பிடரிக்குமே உரியவையாக அமைந்திருக்கின்றன. கன்னத்தில் தொங்குவது பைசாந்தியச் சக்கரவர்த்தியின் வழக்கம் என்பதை மேலே கண்டோம். பிடரியில் ஒற்றையாகத் தொங்குவதைக் காணும்போது பழைய பட்டத்தின் முனைகள் என் நினைவுக்கு வருகின்றன. இந்த அமைப்பு முறையில் அலங்காரப் பிரியனின் கை தென்படவில்லை. மரபறிந்த பொற்கொல்லனின் கைதான் தென்படுகிறது.

அரசியல் நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கேஸா தன் உறவினனாகிய சாலமன் மன்னனை வென்று ஆட்சியைப் பிடித்தவன். சாலமனுக்குத் துணைநின்றவன் ஜெர்மானிய அரசன் நான்காம் ஹென்றி. ரோமாபுரியிலிருந்து ஏழாம் கிரெகோரி என்ற போப்பாண்டவரோ ஹங்கேரி தம் திருச்சபைக்குக் கட்டுப்பட்டது என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இத்தனை நெருக்கடிக்கு நடுவே கான்ஸ்டாண்டிநோபிள் பாணியிலான தொங்கல் முடியொன்று ஒருவனுக்கு வந்து சேருமானால், அந்தத் தொங்கல்கள் கண்டவர்க்கெல்லாம் ஒன்றைச் சொல்லும்: இவனை ஏற்றுக்கொண்ட சக்கரவர்த்தி கிழக்கே இருக்கிறான் என்பதே அது. சக்கரவர்த்திக்குக் கீழ்ப்பட்டவன் என்பதைத் தகடுகள் ஒளிவட்டமின்மையால் உணர்த்த, அவனுடைய உறவுக்குள் வந்தவன் என்பதைத் தொங்கல்கள் உணர்த்துகின்றன. எனாமல் தகடுகளில் எழுதியிருப்பதைப் படிக்க முடியின் அருகில் செல்ல வேண்டும், கிரேக்கமும் தெரிந்திருக்க வேண்டும். தொங்கல்களையோ ஆலயத்தின் கடைசி வரிசையில் நிற்கும் எழுத்தறியாத குடியானவனும் கண்டுகொள்வான். இந்தக் கிரேக்க வட்டம் கேஸாவுக்கு அன்று, பைசாந்தியக் குடும்பத்துப் பெண்ணாகிய அவன் மனைவிக்கே அனுப்பப்பட்டது என்று வாதிக்கும் அறிஞர்களும் உண்டு. அதுவே உண்மையானாலும் என் வாதத்துக்கு ஊறு இல்லை. கணவனுக்கு வந்தாலும் மனைவிக்கு வந்தாலும் அந்தச் சின்னம் பேசிய செய்தி ஒன்றே.

பிறகு நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. காலப்போக்கில் கிரேக்க வட்டத்தின்மேல், அப்போஸ்தலர் உருவங்களும் லத்தீன் எழுத்துகளும் கொண்ட பட்டைகள் வைத்து இணைக்கப்பட்டன. ஹங்கேரி உறுதியாக ரோமாபுரித் திருச்சபையின் பக்கம் நின்ற நாடு. அதற்குக் கிரேக்கத் தொங்கல்களின்மேல் பற்று வைக்கக் காரணமில்லை. முடியைத் திறந்து புதிய பட்டைகளைப் பொருத்திய அந்தக் கைகளுக்கு ஒன்பது சங்கிலிகளைக் கழற்றி எறிவது எவ்வளவு எளிய வேலை! அவர்கள் கழற்றவில்லை. 1849இல் ஹங்கேரியப் புரட்சித் தலைவன் கோஷூத்தின் சகாக்கள் இந்த முடியை ஓர்ஷோவா அருகில் மண்ணில் புதைத்தபோதும், 1853இல் அது வெளிப்பட்டபோதும், 1916 டிசம்பர் 30ஆம் தேதி ஹங்கேரியின் கடைசி மன்னன் நான்காம் கார்ல் முடிசூடியபோதும், இரண்டாம் உலகப்போரின் முடிவில் அமெரிக்கர் கையில் சிக்கி 1978 ஜனவரி 6ஆம் தேதி தாயகம் திரும்பியபோதும், திருமுடி என்றால் தொங்கல்களோடு கூடியதுதான் என்பதில் அந்நாட்டாருக்கு ஐயம் எழவில்லை. உச்சியிலுள்ள சிலுவை வளைந்து போனதைக்கூட நிமிர்த்தாமல் வைத்திருக்கும் மக்கள் அவர்கள். அவர்களுடைய முடியில் எது சாரம், எது மிகை என்று நாம் தொலைவிலிருந்து தீர்ப்புக் கூறுவது தகாது.

அனுப்பியவன் கையிலிருந்து வந்த தொங்கல் இது. அனுப்புவாரின்றித் தானே எடுத்துக்கொண்ட தொங்கல் சிஸிலியில் இருக்கிறது. நார்மானியனாகிய இரண்டாம் ரோஜர், அனாக்லீட்டஸ் என்ற எதிர்ப்போப்பின் அங்கீகாரத்தைப் பெற்று 1130ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பலெர்மோவில் முடிசூடினான். பைசாந்திய அரசு அவனைத் தனக்குச் சொந்தமான நிலத்தைப் பறித்துக்கொண்டவனாகவே எண்ணியது. ஆயினும், அவனுடைய கடற்படைத் தலைவனான அந்தியோக்கியா ஜார்ஜ் பலெர்மோவில் கட்டிய ஆலயத்தின் வண்ணக்கல் சித்திரத்தில், ரோஜர் பைசாந்தியச் சக்கரவர்த்தியின் உடைதரித்துத் தலைகுனிந்து நிற்க, கிறிஸ்துவே தம் கையால் அவன் தலையில் முடி வைக்கிறார். அந்த முடியில் தொங்கல்கள் இருக்கின்றன. போப்பாண்டவரும் வேண்டாம், சக்கரவர்த்தியும் வேண்டாம், கடவுளிடமிருந்தே நேராகப் பெற்றேன் என்று ஒருவன் முழங்க விரும்பியபோது அவனுக்குக் கிடைத்த சொற்களுள் கன்னத்து முத்துச் சரமும் ஒன்று.

எதிர்க்கட்சியார் இங்கே ஓர் ஆட்சேபம் எழுப்புவார்கள். தொங்கல்கள் எளிதில் அறுந்து விழுபவை, திருடப்படுபவை, பிற்காலத்தில் வேறு மணிகளால் நிரப்பப்படுபவை. இன்று முடிகளில் காண்பவை எல்லாம் ஆதியில் இருந்தவையே என்று எவ்வாறு நம்புவது? ஆகையால் அவற்றைக் கொண்டு சரித்திரம் பேசலாகாது என்பார்கள். இந்த ஆட்சேபம் மதிக்கத்தக்கது. மணிகள் மாறியிருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், மணி மாறினாலும் அது தொங்கும் இடம் மாறுவதில்லை. வியன்னா நகரத்துக் கருவூலத்தில் உள்ள ஜெர்மானியப் பேரரசின் எண்கோண முடியைப் பாருங்கள். இன்று அதில் தொங்கல் எதுவும் கிடையாது. ஆனால் பக்கத் தகடுகளில் தொங்கல் கோப்பதற்கு அமைத்த சிறு குழல்கள் எஞ்சியிருக்கின்றன. வெறுமையான அந்தக் குழல்கள் நமக்கு எவ்வளவு பெரிய செய்தியைத் தருகின்றன! ஜெர்மானிய ஓட்டோவைச் சக்கரவர்த்தி என்று அழைக்கவும் 968இல் கான்ஸ்டாண்டிநோபிள் அரண்மனை மறுத்துவிட்டது. 972இல் அவனுடைய மகன் அதே கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து வந்த தியோபானு என்ற பெண்ணை மணந்தான். இவ்வாறு கிழக்கோடு பகையும் உறவுமாகப் போட்டியிட்ட அரசமரபுகளின் முடியில் கிழக்கின் தொங்கல்களுக்கு இடம் செய்யப்பட்டிருந்தது என்பதும், அந்தப் போட்டி பொருளற்றுப்போன பிற்காலத்தில் அவை போனபோது எவரும் மீண்டும் கோக்கவில்லை என்பதும் தற்செயலாக நேர்ந்தவை என்று என்னால் கொள்ள முடியவில்லை. தொங்கல் இருப்பதும் சாட்சி. இல்லாமற் போனதும் சாட்சி.

பலெர்மோ தலைமை ஆலயத்தில், 1222இல் இறந்த கான்ஸ்டன்ஸ் அரசியின் கல்லறையிலிருந்து கிடைத்த முடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலையை முழுதும் மூடும் குல்லாய் வடிவில், இருபுறமும் தொங்கல்களோடு அமைந்தது அது. பெண்ணின் கல்லறையில் கிடைத்ததாலும், தொங்கல்கள் இருப்பதாலும் அது பெண்ணின் முடியே என்பது வெகுகாலம் பலரும் கொண்ட எண்ணம். யோசெஃப் டெயேர் என்ற ஆராய்ச்சியாளர் 1952இல் வெளியிட்ட நூலில், அந்த வடிவம் பைசாந்திய ஆண் சக்கரவர்த்திகளுக்குரிய வடிவம் என்றும், அது கணவனாகிய இரண்டாம் பிரெடெரிக் சக்கரவர்த்தியின் முடியாகவே இருக்க வேண்டும் என்றும் வாதித்தார். தொங்கல் பெண்ணுக்குரியது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பியவர்களுக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இதுவரை கூறியவை தலைக்குரிய முடியில் தொங்கும் அணிகள். முடியே தொங்கலாக மாறும் நிலை ஒன்றும் உண்டு. அலங்காரக் கட்சியார் முற்றிலும் தடுமாறிப்போவது அங்கேதான். 1858இல் ஸ்பெயின் தேசத்தில் தொலேதோ நகரத்துக்கு அருகில் குவர்ராஸார் என்ற இடத்தில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட புதையலில், விசிகோத்திய அரசர்களின் பொன்முடிகள் இருந்தன. அவற்றுள் தலைசிறந்தது 653 முதல் 672 வரை தனியாக ஆண்ட ரெக்கெஸ்வின்த் மன்னனின் முடி. நீலக் கற்களும் முத்துகளும் பதித்த அகன்ற பொன் வட்டத்தை, இலை வடிவக் கண்ணிகளால் ஆன நான்கு சங்கிலிகள் மேலிருந்து தாங்குகின்றன. வட்டத்தின் நடுவே ஒரு சிலுவை தொங்குகிறது. விளிம்பைச் சுற்றிலும் பொன்னால் செய்து சிவப்புக் கல் இழைத்த லத்தீன் எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனிச் சங்கிலியில் தொங்க, ஒவ்வோர் எழுத்தின் கீழும் ஒரு முத்தும் நீலக் கல்லும் ஆடுகின்றன. எழுத்துகளை வரிசையாகக் கூட்டினால், ரெக்கெஸ்வின்த் அரசன் இதனை அர்ப்பணிக்கிறான் என்று பொருள்படும் வாசகம் கிடைக்கிறது. நம் கோயில்களின் கருவறை முன் சங்கிலியில் தொங்கும் தூங்காவிளக்கைப் போல, பலிபீடத்தின்மேல் தொங்குவதற்கென்று ஒப்படைத்த காணிக்கை இது. இதனை அரசன் சபையில் அணிந்த முடி என்று படத்துக்குக் கீழே எழுதுவோரும், தொங்கும் எழுத்துகளை விளிம்பு வேலைப்பாடு என்று வருணிப்போரும் இன்றும் இருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தான் யாருடையது, எதற்காகப் பிறந்தது என்று தன் தொங்கல்களாலேயே வாய்விட்டுச் சொல்லும் ஒரு பொருளின் பேச்சை, பேச்சென்று அறியாமல் அழகென்று மட்டும் கண்டு நகர்வதைவிட ஒரு கலைப்பொருளுக்குச் செய்யும் அநீதி வேறில்லை.

தலைக்குரிய முடிக்கும் சந்நிதிக்குரிய முடிக்கும் அக்காலத்தார் செய்த வேற்றுமை எவ்வளவு கண்டிப்பானது என்பதை மூன்று நிகழ்ச்சிகள் காட்டும். 601ஆம் ஆண்டின் ஈஸ்டர் திருநாளில், மாரிஸ் சக்கரவர்த்திக்கு அரசமாதேவியர் இருவர் சேர்ந்து அரிய முடியொன்றைச் செய்து அளித்தபோது, அவன் அதனை அணியாமல் ஆலயத்துக்குக் கொண்டுபோய், பொன்னும் மணியும் இழைத்த மும்மடிச் சங்கிலியால் பலிபீடத்தின்மேல் தொங்கவிட்டுவிட்டான்; தேவியர் அதனால் மனம் புண்பட்டார்கள் என்று தியோபனேஸ் என்ற பைசாந்தியச் சரித்திராசிரியர் எழுதுகிறார். அதே ஆசிரியர், மணிகளின்மேல் தீராத மோகம் கொண்ட நான்காம் லியோ சக்கரவர்த்தி, ஆலயத்தில் இருந்த முடியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான் என்றும், உடனே தலையில் கொப்புளங்கள் தோன்றிக் காய்ச்சல் கண்டு 780இல் இறந்தான் என்றும் கூறுகிறார். ஸ்பெயினிலோ, ரெக்கெஸ்வின்த் இறந்த மறு ஆண்டான 673இல், வாம்பா மன்னனுக்கு எதிராகக் கலகம் செய்த பௌல் என்பவன், முன்னாள் அரசன் ரெக்காரெட் ஜெரோனா நகரத்தில் புனித ஃபெலிக்ஸின் சமாதிக்குக் காணிக்கையாக்கிய பொன்முடியை எடுத்து அணிந்துகொண்டான். தோல்வியுற்றுப் பிடிபட்டபின் கறுத்த தோலால் செய்த முடியைத் தலையில் தாங்கித் தொலேதோவின் தெருக்களில் அவன் இழுத்துவரப்பட்டதை ஜூலியன் என்ற தொலேதோ நகரத்து ஆசிரியர் பதிவு செய்திருக்கிறார். கொப்புளத்தின் காரணத்தை மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லலாம். தொங்கவிட்டதைக் கழற்றித் தலையில் வைப்பது கடவுளின் உடைமையைக் கவர்வதாகும் என்று அந்தச் சமுதாயம் முழுமனத்தோடு நம்பியது என்பதை யாரும் மறுக்க முடியாது. அத்தகைய சமுதாயத்தில் ஒரு சங்கிலி மேல்நோக்கிச் செல்கிறதா, கீழ்நோக்கித் தொங்குகிறதா என்பது ரசனையைப் பற்றிய கேள்வியன்று. பாவ புண்ணியத்தைப் பற்றிய கேள்வி, சில வேளைகளில் உயிரைப் பற்றிய கேள்வி.

தமிழில் உலக சரித்திரம் எழுதும் ஆசிரியர்களையும், பாடநூல்களுக்குப் படம் வரைவோரையும், மொழிபெயர்ப்பாளர்களையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்று: மத்திய காலத்து முடியொன்றை வருணிக்கும்போது, அதில் எத்தனை கற்கள் என்று எண்ணுவதோடு நின்றுவிடாமல், என்ன தொங்குகிறது, எங்கே தொங்குகிறது, எதிலிருந்து தொங்குகிறது என்பதையும் எழுதுங்கள். படத்தில் இடமில்லை என்று முதலில் வெட்டப்படுவது தொங்கலாக இருக்கக் கூடாது. குவர்ராஸார் புதையலின் கதியே இதற்குப் போதிய காரணம். ரெக்கெஸ்வின்த் முடியின் எழுத்துகள் மாட்ரிட் நகரத்தில் இருக்க, அவற்றின் முதலெழுத்து இன்றளவும் பாரிஸ் நகரத்துக் க்ளூனி காட்சிசாலையில் தனியே இருக்கிறது. அதே புதையலைச் சேர்ந்த சுவின்திலா மன்னனின் முடியோ, 1921இல் மாட்ரிட் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து திருடப்பட்டது, இன்றுவரை கிடைக்கவில்லை. பழைய படங்களில் மட்டுமே அதைக் காண்கிறோம். அது சுவின்திலாவின் முடி என்று நமக்குத் தெரிவது, அதன் விளிம்பில் தொங்கிய எழுத்துகளால்தான்.